வரிசை முடியட்டும், அப்புறம் படம்

சினிமாவுக்குப் போகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கக் கூடாது. பெல் சித்தியின் அம்மா அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் சினிமாப் பாடம் இதுதான். யார் நடித்த படம், என்ன கதை என்பதெல்லாம் அப்புறம். டிக்கெட் வரிசையில் வெயிலில் நின்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டாலும் சோடாக் கடைப் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஏனென்றால் அந்தக் காலத்துத் தியேட்டர்களில் பெண்களுக்கென்று இருந்தது ஒரே ஓர் அறை. அதற்கும் தாழ்ப்பாள் இருக்காது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இடைவேளை விட்டதும் அங்கே ஒரு வரிசை நிற்கும். பெல் அடிக்கும், விளக்கு அணையும், உள்ளே பாட்டுச் சத்தம் கேட்கும். வரிசை அப்போதும் அங்கேயே நிற்கும்.

அதனால் அவள் பார்த்த எந்தப் படத்திலும் இரண்டாம் பாதிக்குத் தொடக்கம் கிடையாது. இடைவேளைக்கு எழுந்து போகும்போது கதாநாயகன் கல்யாணம் ஆகாதவனாக இருப்பான். திரும்பி வந்தால் கையில் குழந்தையோடு நிற்பான். "யாருடி இந்தக் குழந்தை?" என்று பக்கத்து சீட்டுக்காரியைக் கேட்டால், அவளும் அப்போதுதான் வரிசையிலிருந்து வந்து உட்கார்ந்திருப்பாள்.

இப்படிப்பட்டவளுக்குத் தியேட்டர்கார வீட்டிலிருந்தே சம்பந்தம் வந்தது.

"உனக்கென்னடி, இனிமே ஆயுசுக்கும் படம் ஓசி" என்றாள் அம்மா.

"தண்ணியும் குடிக்கலாமா?" என்று கேட்டாள் மகள்.

அம்மா அதை வாய்த்துடுக்கு என்று நினைத்தாள். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மாப்பிள்ளை வீட்டில் அதிகம் பேர் இல்லை. மாமனார் ஒரு தகரக் கொட்டகையில் படம் போடத் தொடங்கி, பிறகு அதே இடத்தில் பால்கனியோடு ஒரு தியேட்டரைக் கட்டி எழுப்பியவர். அவருக்கு இரண்டு மகன்கள். படம் எடுத்து வருவது, டிக்கெட், வரவு செலவு எல்லாம் மூத்தவர் பொறுப்பு. இளையவர்தான் அவள் கணவர். முதலாளி மகன் என்பதையே மறந்துவிட்டு, மாடியில் புரொஜெக்டர் ஓடும் அறையே கதி என்று கிடந்தவர். அந்த அறையைக் கேபின் என்பார்கள். அதனால் அவர் கேபின்காரர். மூத்தவரின் மனைவியை அவள் அக்கா என்று கூப்பிட்டாள். அக்கா நல்லவள், ஆனால் பயந்தவள். மூத்தவர் ஒரு தும்மல் போட்டால் வீட்டு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு வருவாள்.

கல்யாணமான புதிதில் இரண்டு மருமகள்களும் சொந்தத் தியேட்டரில் பால்கனியில் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். கிளம்பும் முன் புதியவள் வேண்டுமென்றே இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். இடைவேளையில் பின்பக்கம் போய்ப் பார்த்தால் அங்கேயும் அதே ஓர் அறை, அதே தாழ்ப்பாள் இல்லாத கதவு. முதலாளி வீட்டுப் பெண் என்று வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் போகவில்லை. கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். திரும்பி வந்தபோது கதாநாயகன் ஜெயிலில் இருந்தான்.

"என்னக்கா, இவன் யாரைக் கொன்னான்?"

"யாருக்குத் தெரியும்? நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். படம் எங்க மண்டையில ஏறுது?" என்றாள் அக்கா.

அன்று சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் இருக்கும்போதே அவள் பேச்சை எடுத்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். நம்ம தியேட்டர்ல பொம்பளைங்களுக்கு அரை டிக்கெட்டா?"

"இல்லையேம்மா. எல்லாருக்கும் முழு டிக்கெட்தான்."

"அப்புறம் ஏன் பாதிப் படம் காட்டறீங்க?"

மூத்தவர் எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. கேபின்காரர் சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடிக்கப் போய்ப் புரையேறி இருமினார். அக்கா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

மாமனார் கத்துகிறவர் இல்லை. ஆனால் யார் சொல்லையும் சுலபத்தில் காதில் போட்டுக்கொள்கிறவரும் இல்லை. "பொம்பளைங்க எத்தனை பேரும்மா வர்றாங்க? பத்துப் பேருக்காக நூறு பேரைக் காக்க வைக்க முடியுமா?"

"பத்துப் பேர் மட்டும் வர்றதுக்குக் காரணமே அந்தக் கதவுதான் மாமா."

"சரி, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுடலாம். போதுமா?"

"போடுங்க. ஆனா வரிசை முடிஞ்ச பிறகு பெல் அடிங்க."

"யாரு வந்தா, யாரு வரலைன்னு பாத்துக்கிட்டு நிக்கறது என் வேலையா? அவ்வளவு அக்கறை இருந்தா நீயே வந்து பெல் அடியேன்!"

அவள் வாயை அடைப்பதற்காக அவர் அப்படிச் சொன்னார். "சரி மாமா" என்று அவள் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். மறுநாள் முதல் காட்சிக்கே தியேட்டரில் போய் நின்றாள்.

பெல்லுக்கான ஸ்விட்ச் ஆபீஸ் அறையில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் மாமனாரின் நாற்காலியும் ஒரு நாள்காட்டியும் தெரியும். வரிசை தெரியாது. அவள் எலெக்ட்ரீஷியனை வரவழைத்தாள்.

"ஸ்விட்சை எங்கம்மா மாத்தணும்?"

"பொம்பளைங்க பாத்ரூம் வாசல்ல, சுவத்துல."

அவர் தலையைச் சொறிந்தார். "கக்கூஸ் வாசல்ல பெல் வச்ச தியேட்டரை நான் எங்கயும் பாத்ததில்லம்மா."

"இங்க பாருங்க. நல்லா பாத்துட்டு, நல்லா இறுக்கமா வைங்க. நாளைக்கு யாரும் பிடுங்கக் கூடாது."

அன்றிலிருந்து அந்தத் தியேட்டரில் ஒரு புது வழக்கம் வந்தது. இடைவேளை விட்டதும் அவள் அந்த ஸ்விட்சுக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். வரிசையின் கடைசிப் பெண் உள்ளே போய், வெளியே வந்து, கையைக் கழுவி, கூடத்துக்குள் நுழையும் வரை பார்ப்பாள். பிறகுதான் விரல் ஸ்விட்சைத் தொடும். மாடியில் கேபின்காரர் அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். பெல் கேட்டதும் இரண்டாம் பாதிச் சுருளை ஓட விடுவார். கீழே அவள் விரல், மேலே அவர் கை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நாளில் அதிகமாகப் பேசிக்கொண்டது அந்தப் பெல் வழியாகத்தான் என்று தியேட்டரில் கேலி செய்வார்கள்.

ஆண்கள் சும்மா இருந்தார்களா? ஆரம்பத்தில் விசில் கூரையைப் பிய்த்தது. தரையைக் காலால் உதைத்தார்கள். "படத்தைப் போடுடா!" என்று கேபின் பக்கம் திரும்பிக் கத்தினார்கள். ஒருநாள் காலிச் சோடா பாட்டில் ஒன்று உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது. அவள் அதை எடுத்துக்கொண்டு நேராகக் கூடத்தின் கதவுக்குப் போனாள்.

"வரிசையில இன்னும் மூணு பேர் நிக்கறாங்க. அதுல ஒருத்தங்க உங்கள்ல யாரோ ஒருத்தனோட அம்மாவாத்தான் இருக்கும். போய்ப் பாத்துட்டு வந்து கத்துங்க!"

பிறகு பின்வரிசையில் ஒருவன், "டேய், உங்க அம்மாதான்டா" என்று பக்கத்தில் இருந்தவனை இடித்தான். அரங்கமே சிரித்தது. இரண்டாம் பாதி வந்தது. அதற்குப் பிறகும் விசில் அடித்தார்கள். ஆனால் அது தேருக்கு முன்னால் ஓடுகிற பிள்ளைகளின் கூச்சல் மாதிரி ஆகிவிட்டது. கோபம் போய்விட்டது.

மூத்தவரின் மகனுக்கு அப்போது பேச்சு வந்துகொண்டிருந்த வயது. வீட்டில் சித்தி, தியேட்டரில் பெல். இரண்டையும் சேர்த்து "பெல் சித்தி" என்று அவன்தான் முதலில் கூப்பிட்டான். டிக்கெட் கிழிக்கிறவரிலிருந்து பாப்கார்ன் விற்கிறவர் வரை எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அவளை விட வயதில் மூத்தவர்கள் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அந்தத் தியேட்டருக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் என்ற செய்தி வாய் வழியாகப் பரவியது. எந்தச் சுவரொட்டியிலும் அதைப் போடவில்லை. பெண்கள் வந்தார்கள். பெண்கள் வந்ததால் பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகள் அடம் பிடித்ததால் அப்பாக்கள் வந்தார்கள். ஒரு தியேட்டர் பக்கத்து ஊரில் இரண்டாவதைக் கொண்டுவந்தது. இரண்டாவது, ஆறு தாண்டி இருந்த பெரிய ஊரில் மூன்றாவதைக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றையும் திறப்பதற்கு முன் மாமனார் அவளை அழைத்துப் போய்க் கட்டடத்துக்கு நடுவில் நிறுத்தி, "ஏம்மா, ஸ்விட்சை எங்க வைக்கணும்?" என்று மட்டும் கேட்பார். பாராட்டு என்று அவர் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். அவளுக்கு அது போதும்.

மாமனார் காலமான பிறகு மூத்தவர் முதல் தியேட்டரை இடித்து, அதே இடத்தில் மூன்று அரங்குகள் கட்டினார். அப்போது அந்தக் குடும்பம் ஒரு தப்புச் செய்தது. உலகத்தில் வேறு எந்தத் தியேட்டர்காரரும் செய்திருக்க முடியாத தப்பு. ஏனென்றால் வேறு யாருக்கும் ஒரு பெல்லின் மேல் அவ்வளவு பாசம் இருந்திருக்காது.

"அப்பா மாட்டின பெல். அது ஒண்ணுதான் அடிக்கணும், மூணு ஹாலுக்கும்" என்றார் மூத்தவர். கேபின்காரருக்கும் கண் கலங்கிவிட்டது. பெல் சித்தியும் தலையாட்டினாள். ஒரே பெல் மூன்று அரங்குக்கும் கேட்கும்படி கம்பி இழுத்தார்கள். ஒரே பெல் என்றால் மூன்று படமும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும், ஒரே நேரத்தில் இடைவேளை விட வேண்டும். அதற்கும் ஏற்பாடு செய்தார்கள். மூன்று அரங்குக் கூட்டமும் ஒரே நிமிடத்தில் வெளியே இருக்கும் ஒரே நடைவழியில் வந்து விழும் என்பது பாசத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

திறப்பு நாளில் இடைவேளை விட்டதும் அணை உடைந்த மாதிரி ஆயிற்று. பெண்கள் வரிசை பாப்கார்ன் கவுண்டரைச் சுற்றி, படிக்கட்டில் இறங்கி, டிக்கெட் ஜன்னல் வரைக்கும் போனது. சில பெண்கள் நிஜமாகவே ஒற்றைக்காலில் நின்றார்கள். சித்தி தன் முதுகை ஸ்விட்சின் மேல் சாய்த்துக்கொண்டு நின்றாள். மூத்தவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"அடி!"

"இன்னும் வரிசை முடியல அத்தான்."

"மூணு ஹால்லயும் கத்தறான். உனக்குக் கேக்குதா இல்லையா?"

"கேக்குது. கத்தறவன் எல்லாம் போயிட்டு வந்தவன்."

"மானம் போகுது, தள்ளு! நான் அடிக்கறேன்."

"என்னை இடிச்சுத் தள்ளிட்டு அடிங்க."

தம்பி பெண்டாட்டியைத் தொட்டுத் தள்ள அவரால் முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். சித்தியின் பார்வை அப்போது எதிர்ப்பக்கம் போனது. ஆண்கள் கழிப்பறை வாசலில் ஈ காக்கை இல்லை. போக வேண்டியவர்கள் எல்லோரும் போய்விட்டு உள்ளே உட்கார்ந்து விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஸ்விட்சைக் காவல் காக்க அக்காவை நிறுத்தினாள். பயந்தவள் என்றாலும் அக்கா நின்றாள். சித்தி எதிர்ப்பக்கம் போய்க் கதவைத் தட்டினாள்.

"உள்ள யாரும் இருக்கீங்களா? இருந்தா வெளியே வாங்க. இது இப்ப எங்க பக்கம்."

அவள் கையைக் காட்டியதும் வரிசை இரண்டாகப் பிரிந்து பாதி அந்தப் பக்கம் ஓடியது. தாமதமாக வந்த ஓர் இளைஞன் வாசலில் திகைத்து நின்றான்.

"அம்மா, இது ஆம்பளைங்க பாத்ரூம்!"

"கொஞ்சம் முன்னாடி வரைக்கும்."

"அப்ப நான் எங்க போறது?"

"அதைத்தான் தம்பி நாங்க ரொம்ப காலமா கேட்டுக்கிட்டிருக்கோம்."

வரிசை முடிந்தது. சித்தி திரும்பி வந்து, அக்காவின் தோளைத் தட்டி, பெல்லை அடித்தாள். மூன்று அரங்கிலும் படம் ஓடியது. மூத்தவர் அதற்குப் பிறகு பல நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் மறுநாளே மூன்று படங்களின் நேரத்தையும் முன்னும் பின்னுமாக மாற்றி, மற்ற இரண்டு அரங்குக்கும் தனித்தனி பெல் மாட்டினார். ஒரு சுவரை உடைத்து, பெண்கள் பக்கத்தை ஆண்கள் பக்கம் போல இரண்டு மடங்காக்கினார். அவருடைய மன்னிப்புக்கு வாய் கிடையாது, கடப்பாரைதான். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் கட்டிய எல்லாக் கட்டடத்திலும் பெண்கள் பக்கம் இரு மடங்கு என்பது எழுதாத சட்டமானது. ஊர் ஊராகப் பெயர்ப்பலகை ஏறியது. அரங்குகள் பெருகின.

பிறகு சுருள் போயிற்று. படம் ஒரு சின்னப் பெட்டியில் அடைந்து வந்தது. எப்போது தொடங்க வேண்டும், எப்போது இடைவேளை, எப்போது மறுபடி என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும், மெஷின் தானாக ஓட்டிக்கொள்ளும். "முன்ன நான் மெஷினை ஓட்டினேன். இப்ப அது என்னைத் தியேட்டரை விட்டு ஓட்டிடுச்சு" என்று கேபின்காரர் சிரித்தார். சிரித்த பிறகு கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெல்லைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள்.

சித்தி அதற்காக அழவில்லை. அவள் கணக்கு வேறு. பெல் இருந்தவரை வரிசைக்காகப் படம் காத்திருந்தது. இனி படம் யாருக்காகவும் காத்திருக்காது. அப்படியானால் வரிசையே இருக்கக் கூடாது. அதற்கு வேண்டியது இடம். "பெல் போனா போகட்டும். அந்தச் சுவர் மட்டும் நகரக் கூடாது" என்று வீட்டில் சொல்லி வைத்தாள்.

அந்தச் சுவர்தான் நகர்ந்தது.

குடும்பத்தின் மிகப் பெரிய கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. எதிர்ச்சாரியிலேயே ஒரு பெரிய நிறுவனத்தின் தியேட்டர் வளாகம். மூத்தவரின் மகன், அவளுக்குப் பெயர் வைத்த அதே பையன், இப்போது வளர்ந்து வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அவன் வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தான். சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"இது என்னடா?"

"லவுஞ்ச், சித்தி. சோஃபா போட்டு, காபி குடுத்து, படம் தொடங்கற வரைக்கும் உட்காரலாம்."

"அது தெரியுது. பொம்பளைங்க பக்கம் எங்க?"

அவன் விரலை வைத்தான். ஆண்கள் பக்கம் எவ்வளவோ அவ்வளவுதான் இருந்தது. மீதி இடத்தில் சோஃபாக்கள் வரிசையாக வரையப்பட்டிருந்தன. பையன் அப்பாவைப் பார்த்தான்.

"சமமாத்தானே இருக்கு?" என்றார் மூத்தவர். "ஊர் உலகமெல்லாம் சமம் சமம்னு பேசுது. உனக்கு மட்டும் கூடக் கேக்குதா?"

"இடம் சமம். வரிசை சமமா அத்தான்?"

"எதிர்ல இருக்கறவன் நம்மளைக் கொட்டகைக்காரன்னு சொல்றான், தெரியுமா? அவன்கிட்ட சோஃபா இருக்கு."

"இருக்கட்டும். நம்மகிட்ட பொம்பளைங்க இருக்காங்க. அதை வச்சுத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்."

"அது அந்தக் காலம். இப்ப பெல்லும் இல்ல, நீ அடிக்கவும் வேண்டாம். வீட்டுல நிம்மதியா இரு." மூத்தவர் வரைபடத்தைச் சுருட்டினார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

சித்திக்கு அன்று உடம்பெல்லாம் எரிந்தது. கெஞ்சினால் கேட்க மாட்டார். திறப்பு விழாவுக்கு வர மாட்டேன் என்று மிரட்டினால், வராதே என்பார். கையில் பெல்கூட இல்லை. அவளிடம் மிச்சமிருந்தது அவள் உடம்பு மட்டும்தான். மறுநாள் காலை ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டடத்துக்குப் போனாள்.

லவுஞ்சுக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் சுவர் வர வேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அதைத் தாண்டி, சோஃபா வர வேண்டிய பக்கம் நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள். மேஸ்திரி ஓடி வந்தார்.

"அம்மா, இங்க இன்னைக்கு வேலை இருக்கு."

"தெரியும் மேஸ்திரி. எனக்கும் இங்கதான் வேலை."

மதியம் கேபின்காரர் பிளாஸ்கில் டீயோடு வந்தார். கூடவே இன்னொரு நாற்காலி. "நீங்க எதுக்கு?" என்றாள்.

"கீழ நீ சொன்னா மேல நான் ஓட்டுவேன். அதுதானே நம்ம ஒப்பந்தம்? இப்ப மேல வேலை இல்ல. கீழயே உட்கார்ந்துக்கறேன்."

இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் மூத்தவர் வந்தார், மகனையும் இழுத்துக்கொண்டு. அவருக்கு முகம் சிவந்திருந்தது. "மேஸ்திரி, என்ன வேடிக்கை? கோடு போட்ட இடத்துல சுவரை எழுப்பு."

"ஐயா, அம்மா உட்கார்ந்திருக்காங்க..."

"உட்கார்ந்திருக்கட்டும். அவங்களைச் சுத்திக் கட்டு!"

மேஸ்திரி சித்தியைப் பார்த்தார். சித்தி டீயை ஒரு வாய் குடித்தாள்.

"ஐயா சொல்றாரு இல்ல? கட்டுங்க. கதவு மட்டும் பொம்பளைங்க பக்கமா வைங்க. சோஃபாப் பக்கம் வேண்டாம்."

மேஸ்திரிக்கு வேறு வழி தெரியவில்லை. கலவை வந்தது. செங்கல் வந்தது. இரண்டு நாற்காலிகளைச் சுற்றி ஒரு வரிசை வைத்தார். மேல் ஒரு வரிசை. அதன் மேல் இன்னொன்று. சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்தது. மூத்தவர் நகரவில்லை, சித்தியும் நகரவில்லை. யானையும் யானையும் மோதும்போது நடுவில் நிற்கிற புல் மாதிரி மேஸ்திரி வேர்த்துக் கொட்டினார். கேபின்காரர் எட்டிப் பார்த்து, "மட்டம் நல்லா இருக்கு மேஸ்திரி" என்றார்.

அப்போது அக்கா வந்தாள். மூத்தவர்தான் ஆள் அனுப்பியிருந்தார், வந்து சமாதானம் பேசட்டும் என்று. அக்கா சுவரைப் பார்த்தாள், சுவருக்குள் இருந்தவர்களைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். பிறகு மேஸ்திரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியோடு, அந்த ஈரச் சுவரைத் தாண்டி உள்ளே போனாள். கேபின்காரர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.

"நீ எதுக்குடி உள்ள போற?" மூத்தவரின் குரல் உடைந்தது. "உனக்கு வியாபாரத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"வியாபாரம் தெரியாதுங்க. சுகர் தெரியும்." அக்கா இதைச் சொல்லும்போது குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "உங்க ஏசிக் குளிர்ல அரைப் படம் உட்கார்றதுக்குள்ள எனக்கு உயிர் போகுது. ஓடிப் போனா அங்க வரிசை நிக்கும். உங்க மெஷின் எனக்காக நிக்குமா? கல்யாணமான நாள்ல இருந்து இவ ஒருத்திதான் எனக்காகப் படத்தை நிறுத்தினா. கட்டுங்க. என்னையும் சேர்த்துக் கட்டுங்க."

கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கிவிட்டு நின்றார்கள். ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். மகன் மெல்ல வாயைத் திறந்தான்.

"அப்பா... அம்மா உள்ள இருக்காங்க."

"எனக்குக் கண்ணு இருக்குடா!"

மூத்தவர் திரும்பி எதிர்ச்சாரியைப் பார்த்தார். அங்கே நிறுவனத்தின் கண்ணாடிச் சுவர் பளபளத்தது. பிறகு மேஸ்திரியிடம், யாருக்கோ சொல்கிற மாதிரி சொன்னார்: "இதை இடிச்சுட்டு சுவரை அந்தக் கடைசிக்குத் தள்ளிக் கட்டு." மகனிடம், "சோஃபாக்காரன்கிட்ட பாதி போதும்னு சொல்லிடு."

"பாதி இல்ல அத்தான்" என்றாள் சித்தி. "ஒண்ணும் வேண்டாம்னு சொல்லுங்க. அந்தக் கடைசில தள்ளினா சோஃபாவுக்கு இடம் ஏது?"

"ஜெயிச்சுட்டோம்னு ஏறி மிதிக்காத."

"யாரு ஜெயிச்சது? அந்தக் கடைசில இன்னும் ஒரு செங்கல்கூட எழும்பல. கட்டி முடியற வரைக்கும் இந்த நாற்காலி இங்கயேதான் இருக்கும்."

நாற்காலி இருந்தது. கதவு மாட்டி, ஓடு பதித்து, குழாயில் தண்ணீர் வரும் வரைக்கும் அது அங்கேயே இருந்தது. யாரும் அதை எடுக்கத் துணியவில்லை. சோஃபாக்காரர் ஒரு சின்ன மனவருத்தத்தோடு வேறு வாடிக்கையாளரைத் தேடிப் போனார்.

திறப்பு நாள். முதல் காட்சிக்குக் கிளம்பும் முன் பெல் சித்தி இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அக்காவுக்கும் ஊற்றிக் கொடுத்தாள். எல்லா அரங்கும் நிரம்பியிருந்தது. இடைவேளை விட்டதும் பழைய பழக்கத்தில் அவள் நடையில் போய்ச் சுவரோரம் நின்றாள். கை தானாகவே ஸ்விட்சைத் தேடியது. வழவழப்பான ஓடுதான் விரலில் பட்டது. இனி தன்னால் எதையும் நிறுத்திவைக்க முடியாது. கட்டியது போதுமா போதாதா என்று இப்போது தெரிந்துவிடும்.

பெண்கள் வந்தார்கள். கூட்டம் கூட்டமாக உள்ளே போனார்கள். வரிசை ஒன்று உருவாகப் பார்த்தது. உருவாவதற்குள் கரைந்தது. மறுபடி ஒன்று உருவாகப் பார்த்தது. அதுவும் கரைந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி நிதானமாகக் குழந்தையின் முகத்தைக் கழுவினாள். அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன இன்னும் நிக்கற? எல்லாரும் உள்ள போயாச்சு."

சித்தி திரும்பிப் பார்த்தாள். நடை காலியாக இருந்தது. படம் இன்னும் தொடங்கவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து மூத்தவர் வெளியே வந்தார். காலி நடையையும் அவளையும் பார்த்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார், அவர்கள் இருவரும் உள்ளே போக.

சீட்டில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. இத்தனை வருடமும் மற்றவர்கள் எல்லோரும் உட்கார்ந்த பிறகு பெல் அடித்தவள் அவள். அடித்துவிட்டு, நடையைச் சாத்திவிட்டு, குழாயை மூடிவிட்டு அவள் உள்ளே வருவதற்குள் படம் எங்கேயோ போயிருக்கும். அம்மா வீட்டில் இருந்தபோது போலவே, எந்தப் படத்திலும் இரண்டாம் பாதியின் தொடக்கத்தை அவள் பார்த்ததே இல்லை. பக்கத்து சீட்டில் இருந்த கேபின்காரரிடம் குனிந்து அதைச் சொன்னாள். "அது எனக்கு அப்பவே தெரியும்" என்றார் அவர். "சொன்னா பெல்லை விட்டுடுவியோன்னு சொல்லல."

விளக்கு அணைந்தது. திரையில் வெளிச்சம் வந்தது. இடைவேளைக்கு முன் கல்யாணம் ஆகாதவனாக இருந்த கதாநாயகன், அதே சட்டையில், அதே தெருமுனையில், இன்னும் கல்யாணம் ஆகாதவனாகவே நின்றுகொண்டிருந்தான்.

சித்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா, பாருங்க! குழந்தையே இல்ல!" அக்காவும் சிரித்தாள். முன்சீட்டில் ஒருவர் திரும்பினார்.

"அம்மா, கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. படம் பாக்கணும்."

"பாருங்க தம்பி, நல்லா பாருங்க. படத்துல இந்த இடத்தை நான் இப்பத்தான் முதல்முதலா பாக்கறேன். கொஞ்சம் சத்தமாத்தான் இருக்கும்" என்றாள் பெல் சித்தி. சிரிப்பை அவள் குறைக்கவில்லை.